எந்தப் பாட்டு அது?

"ஏசியை அணை. ட்யூப்லைட்டை அணை. வெளியில அந்த மீன்தொட்டி மோட்டாரையும் பிடுங்கு. மீனுக்கு ஒண்ணும் ஆகாது, நமக்குத்தான் ஆகப்போகுது."

உத்தரவுகளை எறிந்துகொண்டே மேஜைக்கு அடியில் தவழ்ந்தார் சவுண்ட் இன்ஜினீயர். தியேட்டரில் அவருக்குக் காது என்று பெயர். தோளுக்கும் தாடைக்கும் நடுவில் டார்ச். கையில் டெஸ்டர். சட்டை முதுகெல்லாம் ஒட்டடை.

டப்பிங் தியேட்டர் ஒவ்வொரு விளக்காக இருண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பேசும் அறைக்குள், வசனத்தாள் ஸ்டாண்டில் மாட்டியிருந்த பேட்டரி விளக்கு மட்டும் மிச்சம். அந்த வெளிச்சத்தில் ஸ்டூல்மேல் உட்கார்ந்திருந்தாள் அலறல்.

அலறல் என்பது தியேட்டர் அவளுக்கு வைத்த பெயர். கத்திக்குத்து, பேய், மாடியிலிருந்து விழுவது, விமானம் நொறுங்குவது, எந்தப் படத்தில் எந்தப் பெண் அலறினாலும் குரல் இவளுடையது. "செத்தவங்களோட கடைசிச் சத்தமெல்லாம் நான்தான். பொழைச்சவங்க யாரும் எனக்கு வேலை கொடுத்ததில்ல" என்பாள். அப்படி வருஷக்கணக்கில் கத்தித் தீர்த்த பிறகு, இப்போதுதான் ஒரு வெளிநாட்டுத் தொடரில் கதாநாயகிக்குப் பேசுகிறாள். வக்கீல் வேடம். அந்த வக்கீல் யாரையும் பார்த்துக் கத்துவதேயில்லை. பேசியே ஆளைச் சாய்த்துவிடுவாள்.

அந்த வாய்ப்புதான் இப்போது கைநழுவப் பார்த்தது.

அனுப்பிய இரண்டு எபிசோடுகளும் தொடரை வெளியிடும் கம்பெனியிலிருந்து திரும்பி வந்துவிட்டன. பின்னணியில் 'ஹம்' கேட்கிறதாம். தாழ்ந்த ஸ்தாயியில் ஒரு ரீங்காரம். வில்லன், நீதிபதி, சாட்சி எல்லார் டிராக்கும் சுத்தம். கதாநாயகியின் டிராக்கில் மட்டும், அதுவும் அவள் பேசாமல் முறைத்துப் பார்க்கிற இடங்களில். அடுத்த எபிசோடும் இப்படி வந்தால், ஒன்று தியேட்டரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் குரலை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"தியேட்டரை மாத்த முடியாது," என்றார் டப்பிங் டைரக்டர். "இது என் மச்சானோட தியேட்டர். மாத்தினா எனக்கு வீட்ல சோறு கிடைக்காது."

எவ்வளவு நல்ல டேக்காக இருந்தாலும் 'ஒன் மோர்' கேட்பவர் என்பதால் அவர் பெயர் ஒன்மோர். தியேட்டரை மாற்ற முடியாது என்று அவர் சொன்னால், மாறப்போவது எது என்று எல்லாருக்கும் தெரியும்.

"சத்தத்தை வெட்டிப் போடேன்யா," என்று காதிடம் கேட்டும் பார்த்தார்.

"வெட்டலாம். கூடவே மூச்சும் போயிடும். மூச்சு விடாத வக்கீல் பொணம் மாதிரி நிப்பா, பரவாயில்லையா?"

காது என்ற பெயர் சும்மா வரவில்லை. அடுத்த தெருவில் டயர் பஞ்சரானால் முன் சக்கரமா பின் சக்கரமா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லக்கூடியவர் என்று பெயர். அவர் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: எர்த் கோளாறு. மின்சாரத்துக்குத் தரையில் இறங்க வழி கிடைக்காவிட்டால் அது மைக்கில் ஏறி உட்கார்ந்து முனகும். கேபிளை மாற்றினார். மைக்கை மாற்றினார். எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து கொல்லைப்புறத்தில் புதுக் குழி தோண்டி, செம்புக் கம்பி இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மூடினார். காலையில் வந்ததும் அதற்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது அவருடைய வழக்கமாகிவிட்டது.

"அதுக்குப் பதிலா கத்தரிச் செடி வச்சிருந்தா காயாவது வந்திருக்கும்," என்றார் ஒன்மோர்.

அப்படியும் ஹம் போகவில்லை. அதற்குத்தான் இன்றைய இருட்டு. மேஜைக்கு அடியிலிருந்து காது எழுந்தார்.

"கட்டடத்துல கரண்டே கிடையாது. ரெக்கார்டிங்கும் திரையும் மட்டும் பேட்டரியில ஓடுது. இப்ப ஹம் வந்துச்சுன்னா நான் மீசையை எடுத்துடறேன்."

"சாட்சி இருக்கு," என்றார் ஒன்மோர். "ஓட்டு."

திரையில் நீதிமன்றம். வக்கீல் சாட்சியைப் பார்க்கிறாள். பேசவில்லை. அவன் வேர்க்கிறான். அவள் இன்னும் பார்க்கிறாள்.

வந்தது ஹம்.

காது ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்தினார். பிறகு, எதையோ சந்தேகப்பட்டவர் போல, மெதுவாக நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

அலறலின் கண்கள் திரையில் இருந்தன. உதடு மூடியிருந்தது. தொண்டைக்குழி மட்டும் அசைந்தது. ஸ்டாண்டுக்குக் கீழே, யார் கண்ணிலும் படாத இடத்தில், இடது கை அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது.

காது பேசும் அறைக்கான பட்டனை அழுத்தினார்.

"தங்கச்சி."

"ம்?"

"என்ன பாட்டு அது?"

"எந்தப் பாட்டு அண்ணே?"

விளக்குகள் திரும்பி வந்தன. காது அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, அந்தத் துண்டை மட்டும் ஓட்டினார். மேலிருந்து கீழே இறங்கும் மூன்று சுரங்கள். மூன்றாவது நீண்டு, நடுங்கி, அப்படியே நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து.

"இது நானா?"

"நான் இல்ல, சாரும் இல்ல. மீன்கிட்ட வேணும்னா கேக்கறேன்."

அவளுக்குக் கோபமோ வெட்கமோ வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. தொண்டையை வைத்துப் பிழைப்பவள். அதிலிருந்து என்னென்ன சத்தம் வரும் என்று அவளுக்கு அத்துப்படி. குடியிருக்கும் வீட்டிலேயே இத்தனை நாள் கண்ணில் படாத ஒரு கதவு இருந்ததைப் போல இருந்தது. இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு அண்ணே. நாக்கு நுனியில நிக்குது."

அன்று டீ நேரம் முழுவதும் அதே ஆராய்ச்சிதான். வில்லனுக்குப் பேசுகிறவர் அது தாலாட்டு என்றார். கணக்கு எழுதும் அம்மாள் சோப்பு விளம்பரம் என்று அடித்துச் சொன்னாள். காது தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பாட்டு எதுவா வேணா இருக்கட்டும்," என்றார் ஒன்மோர். "பாடாம பேசு. அவ்வளவுதானே? உங்கம்மா பாடகின்னு சொன்னியே, அந்தப் பழக்கமா?"

"பாடகியெல்லாம் இல்ல சார். லாண்டரியில இஸ்திரி போடறாங்க. தேய்க்கறப்ப பாடிக்கிட்டே இருப்பாங்க, கடைக்கே ரேடியோ வேண்டாம். இப்ப அதுவும் கிடையாது. குரல் போச்சுன்னு விட்டுட்டாங்க."

"நீயும் விட்டுடு."

விட முடிந்தால்தானே. எப்போது பாடுகிறோம் என்றே தெரியாதவள் எப்படி நிறுத்துவது? மறுநாள் வாயில் ஏலக்காய் அடக்கிப் பார்த்தாள். வசனம் குழறியது. மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். தலை சுற்றியது. ஒன்மோர் வெளியே போனில் யாரிடமோ, "நல்ல பொம்பளைக் குரலா, கொஞ்சம் கனமா, உடனே வேணும்" என்று சொல்வது கதவிடுக்கு வழியாகக் கேட்டது.

காதுக்கு வேறு யோசனை வந்தது. மீசை இல்லாத முகம் அவருக்கே பழகவில்லை. அடிக்கடி மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

"எதுக்குப் பாடுறேன்னு கண்டுபிடிக்க முடியாது. எப்பப் பாடுறேன்னு பாக்கலாம். நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. ஹம் வந்தா நான் விரலைத் தூக்கறேன்."

விரல் உயர்ந்தது. இறங்கியது. அவள் பேசினாள். மறுபடி உயர்ந்தது. மதியத்துக்குள் ஒரு விஷயம் இரண்டு பேருக்கும் பிடிபட்டுவிட்டது. விரல் உயர்ந்த சற்று நேரத்தில் அவள் கை வயிற்றுக்குப் போகிறது. எப்போதும் அந்த வரிசைதான். முதலில் ஹம், பிறகு கை. அவளுக்கு வலி தெரிவதற்கு முன்பே தொண்டைக்குத் தெரிந்திருக்கிறது.

"வயித்துல என்னம்மா?"

"ஒண்ணும் இல்ல அண்ணே. பொம்பளைங்க சமாச்சாரம்."

"என் வீட்லயும் பொம்பளைங்க இருக்காங்க. யாரும் பாடறதில்ல."

அவள் அடுத்த வசனத்தாளைப் புரட்டினாள். சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து இருப்பது. இடுப்புக் கூட்டுக்குள் யாரோ ஈரப் போர்வையை இரண்டு பக்கமும் பிடித்து முறுக்கிப் பிழிகிற வலி. முன்பெல்லாம் மாதத்தில் அந்த நாட்களில் மட்டும் வந்தது. இப்போது நாள் கிழமை பார்ப்பதில்லை. உட்கார்ந்தே இருந்தால் வரும். சிறுநீரை அடக்கினால் வரும். கழிவறைக்குப் போனால் உயிர் போகும். ஸ்கேன் எடுத்தாள், எல்லாம் நார்மல் என்றது. ஒரு டாக்டர் டென்ஷன் என்றார். இன்னொருவர் பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார். "உனக்குத்தான் உலகத்துல இல்லாத வலி. நானெல்லாம் லீவே போட்டதில்ல" என்று அம்மா வேறு பக்கத்தில் நின்று சொன்னாள். அம்மா தலைவலி மாத்திரை கூடப் போட்டு அவள் பார்த்ததில்லை. அதோடு அலறல் அந்தப் பேச்சை மூட்டை கட்டிவிட்டாள்.

சாயங்காலம் கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். ஸ்கூல் வேன் ஓட்டுபவன். பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவிலேயே வாழ்வதால் வீட்டில் சத்தமில்லாமல் இருப்பான்.

"நான் பாடுவேனாங்க?"

"எப்பவும் பாடுவியே. பாத்திரம் கழுவறப்ப. வேன்ல என் பக்கத்துல உக்காந்து வர்றப்ப. தூக்கத்துல கூட."

"சொல்லவே இல்ல?"

"எதுக்குச் சொல்லணும்? நீ பாடினா நல்ல மூடுல இருக்கேன்னு அர்த்தம். ஏதாவது கேக்கணும்னா நான் அப்பப் பாத்துத்தான் கேப்பேன்."

"என்ன கேப்பீங்க?"

"எங்கக்கா வீட்டுக்குப் போலாமான்னு."

"அதான் உங்கக்கா பேரை எடுத்தாலே எனக்கு எரிஞ்சு விழணும்போல இருந்துச்சா."

அவனுக்குப் புரியவில்லை. காது விரல் தூக்கிய கதையை அவள் சொன்னாள். அவன் கையிலிருந்த சட்டையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். கடைசியில், "நாளைக்குக் காலையில டிரிப் முடிஞ்சதும் டாக்டர்கிட்ட போறோம்," என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை.

புது டாக்டர், பெண். மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க இடுப்பெலும்பு மாதிரி பொம்மை ஒன்றை வைத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் பாட்டுத் துண்டு போனில் இருக்கிறதா என்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். திரும்பவும் போடச் சொன்னார்.

"சின்ன மூச்சா இழுத்து, நீளமா விடறீங்க. வலியில உடம்பு இறுகாம இருக்க அது தானா ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு. கெட்டிக்கார உடம்பு."

"அதனால எனக்கு வேலை போகப்போகுது டாக்டர்."

"உடம்புக்கு அது தெரியாதே." பொம்மையை அவள் பக்கம் திருப்பினார். "கர்ப்பப்பைக்கு உள்பக்கம் ஒரு படலம் இருக்குல்ல, அது மாதிரியான திசு வெளியில முளைக்கும். சினைப்பை, மூத்திரப்பை, குடல், எங்க வேணாலும் ஒட்டும். மாசா மாசம் அதுவும் வீங்கும், கசியும். ஆனா கசிஞ்சது வெளிய வர வழி கிடையாது. எண்டோமெட்ரியோசிஸ்னு பேரு. உங்களுக்கு அதுவா இருக்கும்னு நான் நினைக்கறேன்."

வெளியேற வழி கிடையாது. அலறலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எர்த் கோளாறுதான். எங்க தியேட்டர் அண்ணன் அப்பவே சொன்னாரு."

அந்தக் கதையையும் கேட்டு டாக்டர் சிரித்தார். "கரியும் உப்பும் கொட்டினா சரியாகாது. மாத்திரையில ஆரம்பிப்போம். இடுப்புத் தசையைத் தளர்த்தப் பயிற்சி இருக்கு. அடங்கலைன்னா சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பாக்கலாம், இருந்தா அப்பவே எடுத்துடலாம்."

"ஆனா ஸ்கேன்ல நார்மல்னு வந்துச்சே."

"ஸ்கேன்ல எப்பவும் தெரியணும்னு இல்ல. தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமும் இல்ல. வீட்ல வேற யாருக்காவது இருக்கா? அம்மாவுக்கு?"

"அவங்களுக்கு வலின்னா என்னன்னே தெரியாது டாக்டர்."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"கேக்கவே வேண்டாம்."

டாக்டர் பொம்மையை மறுபடி காகிதத்தின்மேல் வைத்தார்.

ஒன்மோரிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. மூடி மறைக்காமல் சொன்னாள். இது பழக்கமில்லை, வலி. நாளைக்கே நிற்காது. வேறு குரல் வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஒன்மோர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. வலிச்சா கத்தணும். நீ கத்தறதுக்குன்னே பொறந்தவ. கத்தாம ஏன் பாடுற?"

"கத்தறது வேலை சார். இது வேலை இல்லையே."

அவர் பதிலுக்கு வாயைத் திறந்தார். 'ஒன் மோர்' என்று சொல்லப்போகிறார் என்று காது கூட நினைத்தார். ஒன்மோர் எழுந்து பேசும் அறைக்குள் போய், ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே வைத்தார்.

"உக்காந்தாத்தானே வருது? நின்னு பேசு. காட்சியைச் சின்னச் சின்ன லூப்பா வெட்டச் சொல்றேன். வந்தா வரட்டும், முழுசா பாடி முடிச்சுடு. அப்புறம் வசனம்." காதைப் பார்த்துத் திரும்பினார். "நீ என்னய்யா பாக்கற? போய் அந்தக் குழிக்குத் தண்ணி ஊத்து."

அந்த எபிசோடு முழுவதும் அப்படியே ஓடியது. அவள் இடுப்பில் வெந்நீர்ப் பையைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் காது பட்டனை அழுத்தி, "பாட்டு முடிஞ்சுதா?" என்று கேட்பார். முடிந்தது என்றால் ஓட்டுவார். வக்கீல் சாட்சியைப் பார்த்தாள். பேசவில்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது. எபிசோடு கம்பெனிக்குப் போனது.

பதில் வருகிற நாளன்று தியேட்டரில் இருக்கப் பிடிக்காமல் லாண்டரிக்குப் போனாள்.

"சும்மாதானே போற," என்று காது சொல்லி அனுப்பியிருந்தார். "அதை அம்மாகிட்ட போட்டுக் காட்டு. பாட்டுக்காரம்மாவுக்குத் தெரியாத பாட்டா? எனக்கு மண்டை வெடிக்குது."

மதிய நேரம். கடையில் வேறு யாருமில்லை. நீராவியும் கஞ்சி வாசனையும். அம்மா எப்போதும் நிற்பது போலவே நின்றிருந்தாள். சூடேறிய மேஜை விளிம்பில் வயிற்றை அழுத்திச் சாய்ந்து, உடம்பு முழுதும் முன்னும் பின்னும் போய் வர, ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டு.

"வேலை நேரத்துல இங்க என்னடி? துரத்திட்டாங்களா?"

"இன்னும் இல்ல. இன்னைக்குத் தெரியும்."

"மாத்திரை போடறியாமே. மாப்பிள்ளை சொன்னாரு. அது பெரிய பேரா ஏதோ சொன்னாரு, என் வாயில நுழையல."

"என் வாயிலயே இப்பத்தான் நுழையுது."

அம்மா சட்டையின் காலரைத் திருப்பினாள். வேறெதுவும் கேட்கவில்லை.

போன் அடித்தது. காது. அவர் பேசுவதற்கு முன்பே பின்னால் ஒன்மோர் யாரிடமோ இனிப்பு வாங்கிவரச் சொல்லிக் கத்துவது கேட்டது.

"ஓகே ஆயிடுச்சு தங்கச்சி. வக்கீல் மூச்சு விடறது அவங்களுக்குப் பிடிச்சிருக்காம். சார் உன்னை உடனே வரச் சொல்றாரு. அடுத்த எபிசோடும் நீதான். பாட்டு என்னன்னு கேட்டியா?"

"இப்பக் கேக்கறேன்."

உடம்பெல்லாம் லேசாகிவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டே போனை மேஜைமேல் வைத்தாள்.

"அம்மா, ஒரு புதிர். தியேட்டர்ல ஒருத்தருக்கும் தெரியல. இது எந்தப் பாட்டு சொல்லு."

மேலிருந்து இறங்கும் மூன்று சுரங்கள். மூன்றாவது நீண்டு, நடுங்கி, நின்றது.

இஸ்திரிப் பெட்டியும் நின்றது. அம்மாவின் கையில் அது துணிமேல் நிற்பதை அலறல் வாழ்நாளில் பார்த்ததில்லை. தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் அம்மா அதைத் தூக்கினாள். வெள்ளைச் சட்டையின் முதுகில் பழுப்பு நிறத்தில் முக்கோணம்.

"நான் பாடினதை யாருடி பதிவு பண்ணினது? அப்பல்லாம் இங்க போன் கூடக் கிடையாதே."

"அது நீ இல்லம்மா. நான்."

சொன்ன பிறகுதான் நாக்கு நுனியில் நின்றது வெளியே வந்தது. பள்ளிக்கூடப் பையோடு இந்த மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய மதியங்கள். மேலே நீராவி. மேலேயிருந்து இறங்கிய மெட்டு.

"உன் பாட்டு," என்றாள் அலறல். "உன்கிட்ட கேட்டுத்தான் எனக்கு ஒட்டிக்கிச்சா? இது தெரியாம மண்ணைத் தோண்டி உப்புக் கொட்டி… சரி, எந்தப் படம் அது?"

அம்மா சிரிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"உனக்கு எப்ப வருது அது?"

"எப்பன்னா… வலிக்கறப்ப."

அம்மா தீய்ந்த சட்டையை மடித்தாள். முக்கோணம் உள்பக்கம் போகும்படி, ஓரம் பிசகாமல்.

"அது பாட்டு இல்லடி," என்றாள். "முனகினா என்ன ஏதுன்னு கேப்பாங்க. கேட்டா சொல்லணும், சொன்னா லீவு போடுன்னு வேற ஆளை வைப்பாங்க. பாடினா யாரும் எதுவும் கேக்கல."

அலறல் மேஜைமேல் இருந்த போனைத் திருப்பி வைத்தாள்.

"அப்ப குரல் போச்சுன்னு நிறுத்தினியே…"

"குரல் எங்க போச்சு? மாசா மாசம் வர்றது நின்னுது. வலியும் நின்னுது. அப்புறம் எதுக்குடி பாடணும்?"